பச்கௌடி சாஹு கொன்ற மீரா

பச்கௌடி சாஹுவின் கைகள் ஓமப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தன. இடது கை காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டும். வலது கை ஒரு பிடி ஓமத்தை அள்ளிப் போட்டு இரண்டு தட்டுத் தட்டும். கட்டைவிரல் வாயை மடக்கும். உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டு இறங்கி வந்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுபடும். கண் அந்தப் பக்கமே போகவேண்டியதில்லை. அன்றைக்குத் தீஜ். காசியில் கல்யாணமான பெண்கள் அத்தனை பேரும் புருஷனுக்கு ஆயுசு நீள வேண்டும் என்று, விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிற நாள். மறுநாள் காலையில் காய்ந்த வயிற்றில் பூரியையும் கச்சோரியையும் போட்டுக்கொண்டு வயிறு பிசைகிறது என்று கடைக்கு வருவார்கள். இருநூறு பொட்டலமாவது கட்டிவைத்தால்தான் சமாளிக்க முடியும்.

சாஹுவுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. தொப்பை உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. மருந்துச் சரக்குக் கடைக்காரருக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேலையே வராது. சுக்கு, திப்பிலி, கடுக்காய், இசப்கோல் என்று நூற்றுச் சொச்சம் டப்பாக்களும் கை நீட்டினால் எட்டும்படி அப்பா அடுக்கிவிட்டுப் போயிருந்தார்.

பச்கௌடி என்றால் ஐந்து சோழி. அவருக்கு முன்னால் பிறந்த நாலு பிள்ளைகளும் ஆறு மாதம் தாண்டவில்லை. ஐந்தாவதாக இவர் பிறந்ததும் தாய் அவரை மருத்துவச்சியிடம் ஐந்து சோழிக்கு விற்றாள். வளர்த்துத் தருகிறேன் என்று சொல்லி அவளிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டாள். எமன் வாசலுக்கு வந்தால், அது எங்கள் பிள்ளை இல்லை, விற்றாயிற்று என்று சொல்லி அனுப்பிவிடலாம் அல்லவா. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் தன் ஆயுசு இரவல் வாங்கியது என்கிற பயம் மட்டும் அவரை விட்டுப் போகவேயில்லை. அடுத்தடுத்து இரண்டு தும்மல் வந்தால் போதும், தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பார். ஆரோக்கியத்தில் ஒரு குறையும் கிடையாது. பல் மட்டும் மோசம், அதுவும் வெல்லத்தால்.

இப்படிப்பட்ட மனிதர் கதைக்காரர் ஆனதற்கும் பொட்டலம்தான் காரணம். சூரணம் இடித்து முடிக்கும்வரை காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்கள் வாயை அடைக்க, ஒற்றர்கள் மாறுவேடம் போட்டுக் கோட்டைக்குள் நுழைகிற கதையை அவிழ்த்துவிட ஆரம்பித்தார். எங்கே விட்டோம் என்பது மறந்துபோகாமல் இருக்க, கைக்கு அகப்பட்ட காகிதத்தில் எழுதிவைத்தார். அந்தக் காகிதத்திலேயே மறதியாகப் பொட்டலமும் கட்டினார். இசப்கோல் வாங்கிப் போன அச்சகக்காரர் முன்ஷி அஜாயப் லால் மறுநாளே வந்து நின்றார்.

"சாஹுஜி, வயிறு சரியாயிடுச்சு. அந்தப் பொண்ணு கிணத்துல குதிச்சாளே, அப்புறம் என்ன ஆனா?"

அதற்கப்புறம் மாதம் ஒரு மெல்லிய புத்தகமாக நாலு வருஷம் ஓடிவிட்டது. உருது மட்டுமே படித்திருந்த கோர்ட்டு குமாஸ்தாக்கள் இந்தக் கதைக்காகவே நாகரி எழுத்துப் படித்தார்கள். படகோட்டிகள் காசு போட்டு ஒரு பிரதி வாங்கி, படிக்கத் தெரிந்தவரைப் படகில் ஏற்றி அக்கரைக்கும் இக்கரைக்கும் இலவசமாகக் கூட்டிப் போனார்கள்.

இத்தனைக்கும் சாஹுவுக்கு நாகரி எழுத்தே சரியாக வராது. அவர் எழுதுவது கடைக்காரர் எழுத்து. அதில் கொக்கி, கால், கொம்பு ஒன்றும் கிடையாது. மொட்டை எழுத்துகளை வரிசையாக நட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கலாம். கை வேகமாகப் போகும். ஆனால் எழுதியவர் வாயால் படித்துச் சொன்னால்தான் அடுத்தவருக்குப் புரியும். அச்சுக் கோர்க்கும் இத்வாரி மாதாமாதம் கடைக்கு வந்து உட்காருவான். சாஹு சத்தமாகப் படிப்பார். அவன் காதால் கேட்டுத் தன் கையால் நாகரியில் எழுதிக்கொண்டு போவான். இந்த மாதம் மட்டும் அது நடக்கவில்லை. சாஹுவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கி, கன்னம் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் மறுபடி சீழ் கோக்கும் என்று லௌங்கி துணியால் தாடையைக் கட்டிப் படுக்கவைத்துவிட்டாள். காகிதக் கட்டு மட்டும் இத்வாரியோடு போயிற்று.

லௌங்கி அவர் மனைவி. லௌங்கி என்றால் கிராம்பு. கடையிலும் கிராம்பு, வீட்டிலும் கிராம்பு, பல்வலி மருந்துக்கு என்ன குறை என்று சந்துக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஒற்றனை எப்படி வெளியே எடுப்பது என்று சாஹு முழிக்கும்போதெல்லாம் வழி சொல்வது அவள்தான். அதற்கு நன்றியாகவோ, வேறு ஆள் தெரியாததாலோ, கதையில் வருகிற ஒற்றுக்காரி மீராவை அவர் அப்படியே லௌங்கியாக எழுதிவந்தார். அதே நடை, அதே வாய், "காது இருந்தா கேளு" என்று ஆரம்பிக்கிற அதே பேச்சு. சந்தில் எல்லாருக்கும் இது தெரியும். லௌங்கிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள்.

அன்று பகல் அச்சகத்திலிருந்து புதுக் கட்டு வந்து இறங்கியது. வழக்கம்போல முதல் பிரதியைப் பள்ளிக்கூட வாத்தியார் கோகுல் தூபே எடுத்துக்கொண்டு கடைப்படியில் ஏறி நின்றார். அவருக்குக் கணீரென்ற குரல். கீழே சந்து அடைத்துக்கொண்டது. மண்ணும் எண்ணெயுமாகப் பயில்வான்கள், பால்காரர்கள், துடுப்போடு இரண்டு படகோட்டிகள். மாடியில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் விரதக்காரப் பெண்கள். கதை கேட்டால் தாகம் தெரியாது.

தூபே படித்துக்கொண்டே போனார். ராஜாவின் சிறையிலிருந்து தப்பிய மீரா சுரங்கம் வழியாக வந்து சேர்ந்தாள்.

"'கோட்டையின் பின்வாசலில் ஒரு கணம் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். செத்துப்போனாள்.'"

தூபே நிறுத்தினார். புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்ன வாத்தியாரே, ரெண்டு பக்கத்தச் சேத்துப் பெரட்டிட்டீங்களா?" என்றான் ஒரு படகோட்டி.

"பெரட்டலப்பா. இங்கதான் போட்டிருக்கு. சுத்தி கறுப்புக் கட்டம் வேற கட்டியிருக்கு."

ஜிங்குரி பயில்வான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "சிரிச்சா, செத்தாளா? கத்தி இல்ல, விஷம் இல்ல, என்ன சாவு இது? எவன் பண்ணினான்னு பேர மட்டும் சொல்லுங்க சாஹுஜி, நான் பாத்துக்கறேன்."

சாஹுவின் மடியில் ஓமம் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுதியது அது இல்லை. ஆனால் என்ன எழுதினோம் என்று யோசிப்பதற்குள் மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஏ சுகியா! ஒரு செம்பு தண்ணி கொண்டா!"

சுகியா பக்கத்து வீட்டுப் பால்காரி. "அய்யோ அண்ணி, இன்னிக்குத் தீஜு!"

"செத்தவளுக்கு ஏதுடி தீஜு? காது இல்லையா ஒனக்கு? இப்பத்தான ஊரக் கூட்டிப் படிச்சாரு, நான் செத்துட்டேன்னு."

தட்டிக்குப் பின்னால் பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்தது சந்துவரை கேட்டது. சாஹு நாலு வருஷத்தில் முதல் முறையாக ஓடினார். மாடிப்படி ஏறி மேலே போனபோது லௌங்கி மஞ்சள் புடவையும் நெற்றி நிறையச் செந்தூரமுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு செம்பு நிறையத் தண்ணீர்.

"லௌங்கி, வேண்டாம்! என் ஆயுசு!"

"ஒங்க ஆயுசுக்குத்தான் நான் நாக்கு ஒட்டிப்போய்க் கெடக்கேன். நீங்க என்னை ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. ஒரே வார்த்த! அந்த ராஜாவோட குதிர செத்ததுக்கு மூணு பக்கம் அழுதீங்களே?"

"நான் சாகடிக்கலடி! 'மீரா போனாள்'னுதான் எழுதினேன். மீரா கயீ. அவன் மர கயீ, செத்துப்போனாள்னு படிச்சுத் தொலச்சுட்டான். கொக்கியும் காலும் இல்லேன்னா ரெண்டும் ஒண்ணுதானே! நான் வாயால படிச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா? வாயத் தொறக்காதேன்னு கட்டிப் போட்டது யாரு?"

லௌங்கி ஒரு கணம் யோசித்தாள். நியாயம் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"பல்லப் பாத்துக்கிட்டது தப்பா? சரி, காது இருந்தா கேளுங்க. வெளக்கு வெக்கிற வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள மீரா எழுந்து நடக்கணும். ஒங்க வாய்ச் சமாதானம் வேண்டாம், அச்சுல வரணும். வாத்தியார் படிச்சு சந்து பூரா கேக்கணும். இல்லேன்னா இந்தத் தண்ணிய எல்லாரும் பாக்கக் குடிப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது.

விளையாட்டுப் பேச்சு இல்லை என்று சாஹுவுக்குத் தெரியும். பன்னிரண்டு தீஜ் முடிந்திருக்கிறது. ஒரு வருஷம் காய்ச்சலோடு கூட அவள் உதட்டை நனைத்ததில்லை. மனைவி தீஜ் அன்று தண்ணீர் குடித்தால் புருஷன் என்ன ஆவான் என்று அவருக்கு அம்மா தெளிவாகச் சொல்லி வளர்த்திருந்தாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு நடந்தார். பின்னாலேயே ஜிங்குரியும் பத்துப் பேரும் வந்தார்கள், கொலைகாரனைப் பிடிக்கிற ஆசையில்.

அச்சகத்தில் இத்வாரி கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"சாஹுஜி! எப்படி எழுதினீங்க அந்த எடத்த! சிரிச்சா, செத்துப்போனா. கோக்கும்போது எனக்கு எழுத்தே தெரியல, கண்ணுல அவ்வளவு தண்ணி. நானா ஒரு கறுப்புக் கட்டம் கட்டினேன். முன்ஷிஜிகிட்டகூடக் கேக்கல."

சாஹுவுக்கு அவனை அடிக்கக் கை வரவில்லை. விஷயத்தைச் சொன்னார். இத்வாரி கையெழுத்துக் காகிதத்தை எடுத்துப் பார்த்தான். மொட்டையாக நாலு எழுத்து. ஒரு தடவை மீரா போனாள், அடுத்த தடவை செத்துப்போனாள், பார்க்கப் பார்க்க மாறிக்கொண்டே இருந்தது.

முன்ஷி அஜாயப் லால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பிழை திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிடலாமே முன்ஷிஜி" என்றார் சாஹு.

"ஒட்டலாம். வாசல்ல பாரு, அந்தப் பயில்வானை. அடிக்குப் பயந்து அவளுக்கு உசிரு குடுத்துட்டான்னுதான் ஊரு சொல்லும். அடுத்த மாசம் எவன் நம்புவான் ஒன் கதையில யாராவது செத்தா? சீட்டு வேண்டாம். செத்தது செத்ததாவே இருக்கட்டும், கதையிலேயே பொழைக்க வை. ஒரே பக்கம். மூணு மணிக்கு என் கையில இருந்தா, வெளக்கு வெக்கிறதுக்குள்ள முந்நூறு அடிச்சுத் தரேன்."

சாஹு வீட்டுக்குத் திரும்பி, மாடிப்படியில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தார். மணி ஒன்று. எழுதுகோல் ஓடவில்லை. இந்த மாதிரி இடத்தில் வழி சொல்கிறவள் கதவுக்கு அந்தப் பக்கம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"லௌங்கி, மீரா எப்படிப் பொழச்சிருப்பா?"

உள்ளே வளையல் மட்டும் குலுங்கியது.

"செத்தவ எப்படிப் பேசுவா?" என்றாள் கீழ்ப்படியில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்த சுகியா. அவளுக்கும் விரதம். ஆனால் வேடிக்கையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"சரி சுகியா, நீ கேளு. மீரா அதுக்கு முன்னாலயே ஊமத்தம் வெத கொஞ்சம் தின்னிருந்தா. அதனால செத்த மாதிரி விழுந்துட்டா. மூணு மணி நேரம் கழிச்சு முழிச்சுக்கிட்டா. எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் சுகியா.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வெடித்தது. "ஊமத்த தின்னவ செத்த மாதிரி கெடப்பாளா? கண்ணு ரெண்டும் தட்டு மாதிரி விரிஞ்சு, வாயி காஞ்சு, இல்லாத பூச்சியப் பிடிச்சுக்கிட்டு உளறுவா! போன ஹோலிக்கு ஒங்க சித்தப்பாவ ராத்திரி பூரா நாலு பேரு அமுக்கிப் பிடிச்சோமே, மறந்து போச்சா? மருந்துக் கடைக்காரரு எழுதற லட்சணம்!"

சாஹு சுகியாவைப் பார்த்தார். சுகியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப அபினி?"

"அபினி தின்னா மூச்சு அடங்கும், உண்மையாவே போயிடுவா. இப்ப நாட்டுல எத்தன பேரு அப்படிப் போறாங்க. வேற சொல்லுங்க."

"இரட்டைப் பிறவி? செத்தது அவ தங்கச்சி?"

"மீராவுக்குத் தங்கச்சி கெடையாது. ரெண்டாம் பாகத்துல நீங்கதான் சொன்னீங்க, ஒத்தப் பிள்ளைன்னு."

சாஹு எழுதுகோலைக் கீழே போட்டார். "எல்லாம் அந்த இத்வாரியால. அவனைத் தூக்கி அந்த ராஜா கோட்டைக்குள்ளேயே போட்டாத்தான் என் ஆத்திரம் தீரும்."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

"என்ன சொன்னீங்க?"

"இத்வாரியக் கோட்டைக்குள்ள போடணும்னேன்."

"போடுங்க" என்றாள் லௌங்கி. "காது இருந்தா கேளுங்க. அவனை ராஜாவோட எழுத்தரா உள்ள போடுங்க. பின்வாசல் காவக்காரன் ஒரு கடைக்காரன் மகன். நடந்தத, மீரா கயீன்னு, சீட்டுல எழுதி ராஜாவுக்கு அனுப்பறான். எந்த எழுத்துல எழுதுவான்?"

சாஹுவின் வாய் திறந்தது, வலித்த பல்லோடு சேர்த்து.

"கடைக்காரர் எழுத்துல!"

"எழுத்தர் அத ராஜா முன்னால படிக்கறான். மர கயீ! செத்துட்டா! ராஜா என்ன பண்ணுவான்? செத்தவளுக்கு எதுக்குக் காவலுன்னு ஆளையெல்லாம் வாபஸ் வாங்கிடுவான். பின்வாசல் வழியா போன மீரா ஒளியாம, நடு ரோட்டுல, வெத்தல போட்டுக்கிட்டு நடந்து போறா. இதுக்கு ஊமத்த வேணுமா? அபினி வேணுமா?"

எழுதுகோலைத் தேடி எடுத்துக் கொடுத்தது சுகியா. லௌங்கி வாசற்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சாஹு எழுதினார். அவள் நாக்கு வறண்டு நடுநடுவே நின்றபோது அவர் விசிறினார். நன்றாக இருக்கிற இடத்தில் அவளே சிரித்தாள். இத்வாரி என்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன். அவன் மனம் நோகக் கூடாது என்று எழுத்தரைத் திங்கட்கிழமை பிறந்த சோமாரு ஆக்கினார்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சாஹு அச்சகத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லையும் வாயை அகலமாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தார். இத்வாரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுத்தில் கை வைத்தான். தன்னைத்தான் எழுதியிருக்கிறது என்று பாதியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. "ராஜா என்னை ஒண்ணும் பண்ணலியே?" என்று மட்டும் கேட்டான்.

வெயில் சாயும் நேரத்தில் மை காயாத தாள்கள் சந்துக்கு வந்தன. பகலில் இருந்ததைப் போல இரண்டு பங்குக் கூட்டம். மாடித் தட்டியை லௌங்கி முழுக்கச் சுருட்டிவிட்டு, செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூபே தொண்டையைச் செருமினார்.

"'மேலே நீங்கள் படித்தது, அன்று ராஜசபையில் எழுத்தர் சோமாரு படித்த செய்தி. இனி, காவல்காரன் உண்மையில் எழுதியது என்ன என்று கேளுங்கள்.'"

அவர் அடுத்த நாலு வரியை முடிப்பதற்குள் முதலில் சிரித்தவர் எதிர்க்கடை மளிகைக்காரர். அவருடைய அண்ணன் மிர்சாபூரிலிருந்து எழுதிய கடிதத்தைத் தப்பாகப் படித்து, உயிரோடு இருந்த அத்தைக்கு அவர் பதினோரு நாள் தீட்டுக் காத்தது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் சந்து முழுக்கச் சிரிப்பு. ஆளுக்கொரு கடிதக் கதை. தூபே மூன்று முறை திருப்பிப் படிக்க வேண்டியதாயிற்று. ஜிங்குரி பயில்வான் தொடையைத் தட்டினான்.

"அப்ப ஆளு இருக்கா! நான் அப்பவே சொன்னேன், சிரிச்சுக்கிட்டு எவளாவது சாவாளா?"

"நீ எப்ப சொன்ன? நீ கத்தியத் தேடின" என்றான் படகோட்டி.

மாடியில் லௌங்கி எழுந்தாள். செம்பை எடுத்தாள். சாஹு தன் நாடியைப் பிடித்துக்கொண்டார். அவள் தண்ணீரை மாடத்துத் துளசிக்கு ஊற்றிவிட்டு, விளக்கை ஏற்றினாள்.

"சுகியா, ராத்திரி தீஜ் பாட்டுக்கு ஆளெல்லாம் வரச் சொல்லு. தொண்ட காஞ்சிருக்கு, ஆனாலும் பாடுவேன்."

மறுநாள் காலையில் பெண்கள் மணலில் பிடித்த சிவனையும் பார்வதியையும் ஆற்றில் கரைத்துவிட்டு, படித்துறையிலேயே விரதத்தை முடித்தார்கள். லௌங்கி முதலில் தண்ணீர் குடித்தாள், மெதுவாக, வாய் வாயாக. அப்புறம் ஊறவைத்த கடலையும் ஒரு வெள்ளரிக்காயும் தின்றாள். பூரியைத் தொடவில்லை. பிறகு வீட்டுக்குப் போகாமல், ஈரப் புடவையோடு, சுகியாவையும் இழுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். பெண்பிள்ளை யாரும் அதுவரை அந்த வாசற்படி ஏறியதில்லை. அஜாயப் லால் எழுந்து நின்றுவிட்டார்.

"இத்வாரி, அதக் காட்டு" என்றாள் லௌங்கி.

"எத அண்ணி?"

"நீ போடாம விட்டியே, அத."

இத்வாரி எழுத்துப் பெட்டியில் துழாவி இரண்டு ஈயத் துண்டுகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒன்று 'மீ'க்குப் போடுகிற கொக்கிக் குச்சி, ஒன்று 'ரா'வுக்குப் போடுகிற வெறும் குச்சி. அரிசி அளவுகூட இல்லை. லௌங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா நேத்து அந்த ஆர்ப்பாட்டம்?"

இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள். இன்னும் எத்தனை இருக்கிறது என்று பெட்டியை எட்டிப் பார்த்தாள். நிறையவே இருந்தது. விரலெல்லாம் மை ஆகியிருந்தது. அதைச் சுகியாவின் முந்தானையில் துடைக்கப் போக, சுகியா கத்திக்கொண்டு வெளியே ஓட, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கத்திரிக்காய் வாங்கச் சந்தைக்குப் போனார்கள்.